சொல்லிக்கொள்ளாமல்

கண்டியில் மஹியாவையைத் தாண்டி ஒரு சந்தின் வாயில் ஆட்டோ நின்றபோது பிற்பகல் மூன்று மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. சந்து முழுக்கச் சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் நனைந்து தொங்கின.

"இதுக்கு மேல வண்டி போகாது மிஸ். படிதான்," என்றார் ஆட்டோக்காரர்.

மலர்வளையம் பெரியது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த யசோதினி சின்ன உருவம். குடையைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. பாசி பிடித்த நாற்பது படிகளையும் நனைந்துகொண்டே ஏறினாள்.

அவள் கண்டி டவுனில் ஒரு நில அளவையாளரின் ஆபீசில் வரைபடம் போடுகிறவள். கம்பியூட்டரும் அவளுமாக ஒரு மூலையில் இருப்பாள். யாரும் வந்து பேசாவிட்டால் அது அவளுக்கு நல்ல நாள். பேசிவிட்டால் முடிந்தது கதை. எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் பதில் வரும். இருபத்தெட்டு வயதுக்குள் அவள் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. யாராவது முகம் சுளித்தால் மூன்று நாளைக்கு அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். எடுப்பார் கைப்பிள்ளை என்பார்களே, அந்த ரகம்.

ஆபீசில் மூத்தவரான கணேஸ் அண்ணனின் சித்தி காலமாகியிருந்தார். எல்லோரும் போவதாகத்தான் பேச்சு. மழையைக் கண்டதும் ஒருவருக்குப் பல்வலி வந்தது. இன்னொருவருக்குத் திகனவில் அவசர அளவை வந்தது. "யசோ போவாதானே," என்றார் முதலாளி. யசோ போனாள்.

நடு ஹோலில் பெட்டி இருந்தது. செத்தவர் பெயர் ஜெயராணி, வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளாமல் இந்த வீட்டில் தனியாகவே இருந்தவர். ஈரமான செவ்வந்தியும் ஓடிக்கொலோனும் கலந்த வாசனை ஹோல் முழுக்க நின்றது. பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"ஒருத்தருக்கும் ஒரு தொல்லை குடுக்காத மனுசி."

"கூப்பிட்டா வருவா. கூப்பிடலைன்னா கதவை சாத்திக்கிட்டு உள்ளேயே இருப்பா."

"செத்தது முந்தாநாளாம். நேத்து பின்னேரம்தான் கண்டாங்க. பாவம்."

யசோதினி சுவரோரம் நின்றாள். கதிரை ஒன்று காலியாகத்தான் இருந்தது. யாராவது முக்கியமானவர் வந்தால் என்ற பயத்தில் உட்காரவில்லை. கணேஸ் அண்ணன் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் போயிற்று. யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்குப் பெண்கள் எல்லோரும் பிளேன்டீ குடிக்கப் பின்பக்கம் போனார்கள். ஹோலில் அவளும் பெட்டியும் மட்டும். நழுவிவிட நல்ல சமயம். ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு வீட்டைவிட்டு எப்படிப் போவது? பெட்டியைப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தாலும் அந்த முகம் அவள் நின்ற பக்கமாகவே சற்றுச் சாய்ந்திருந்தது. இந்த வீட்டில் இரண்டு மணி நேரமாகத் தன்னைக் கவனித்தது இவர் ஒருத்தர்தான் என்று தோன்றியது.

"போயிட்டு வர்றேன் அக்கா," என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. செத்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பேசாமல் எழுந்து, பேசாமல் படியிறங்குவதுதான் முறை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். பழக்கப்பட்ட வாய் முந்திக்கொண்டது.

"சரி பிள்ளை," என்று ஒரு குரல் கேட்டது. யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுபோல் மெல்லிய குரல். பின்பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் வேகமாகப் படியிறங்கினாள்.

அவளும் அம்மாவும் இருப்பது கட்டுகஸ்தோட்டையில். வேலை முடிந்து போகும் பஸ் தினமும் அந்தச் சந்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அடக்கம் முடிந்து கொடிகளைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். இருந்தும் அந்த இடம் வந்ததும் அவள் நெஞ்சுக்குள் ஒன்று குத்தும். வர்றேன் என்று சொல்லிவிட்டோமே. சொன்ன சொல்லை இதுவரை அவள் தவறவிட்டதில்லை.

ஐந்தாம் நாள் இறங்கிவிட்டாள். வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டால் சொன்ன சொல் தீர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. முப்பத்தொன்றாம் நாள் காரியம் வரைக்கும் வீட்டைப் பூட்டி வைத்திருப்பதாகக் கணேஸ் அண்ணன் சொல்லியிருந்தார்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே இரண்டு பிரம்புக் கதிரைகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன. அதே ஈரச் செவ்வந்தி வாசனை. ஹோலில் ஒரு பூகூட இல்லை.

"வந்துட்டீங்களா. நனைஞ்சிட்டீங்களே. உக்காருங்க பிள்ளை."

நீங்களும் நானும் என்றால் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருப்போம். யசோதினிக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் அன்பாக உட்காரச் சொல்கிறவரின் முகத்துக்கு நேரே எப்படி ஓடுவது? அந்த முகம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்?

அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். எதிர்க் கதிரையின் பிரம்புப் பின்னல் மெல்லக் கிறீச்சிட்டு, ஓர் ஆள் பாரத்துக்குக் கீழே பதிந்தது.

"பயப்படாதீங்க. சும்மா கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கலாம்."

அவள் தலையாட்டினாள். அரை மணி நேரம் தலையாட்டினாள். குளிர் காலிலிருந்து இடுப்புவரை ஏறியது. எழுந்தபோது நாக்கு அதுவாகவே புரண்டது.

"போயிட்டு வர்றேன் அக்கா."

"சரி பிள்ளை. நாளைக்கு பாப்போம்."

மறுநாளும் போனாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை; அவளாகவே பஸ் மணியை அடித்து இறங்கினாள். பயத்தைவிட, ஒருத்தர் காத்திருப்பார் என்ற நினைப்புத்தான் அவளைப் படியேற்றியது. ஒரு மணி நேரம் இருந்தாள். அதற்கு மறுநாள் இரண்டு. வேலை கூடிவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னாள்.

"உயிரோட இருந்தப்போ நான் ஒருத்தரையும் 'இருங்க'ன்னு சொன்னதில்ல," என்றது குரல் ஒருநாள். "அவங்களுக்கு வேலை இருக்குமோ, என்னை பிடிக்காதோன்னு பயம். இப்ப அந்த பயம் விட்டுப்போச்சு. உங்களுக்கும் அந்த பயம் இருக்கு, இல்லையா?"

"ஆமா அக்கா."

"அதனாலதான் உங்களை எனக்கு பிடிச்சுது."

யசோதினிக்கு அழுகை வந்தது. பரிதாபமா திகிலா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளை இவ்வளவு சரியாக யாரும் தெரிந்துகொண்டதில்லை.

வியாழக்கிழமை அவள் எழுந்தபோது குரல் சற்றுத் தயங்கியது.

"ஒண்ணு கேட்டா பிழையா நினைக்க மாட்டீங்களே? நாளைக்கு வரும்போது உடுப்பும் கொண்டு வாங்களேன். இந்த மழையில தினம் போயி வர்றது உங்களுக்கும் கஷ்டம். ரூம் சும்மாதான் கிடக்கு. இங்கேயே இருந்திடலாம்."

வேண்டாம் என்று சொல்லவேண்டும். எந்தப் பைத்தியமும் சொல்லும்.

"சரி அக்கா," என்றாள் யசோதினி.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். இரண்டு சல்வார், ஒரு துவாய், பல் தூரிகை. மத்தியானம் அதை முதலில் கண்டது நுஹா. மடவளையிலிருந்து வரும் நுஹாதான் முன்மேசையில் இருப்பவள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். இரண்டு பேரும் எப்படிச் சிநேகிதமானார்கள் என்பது ஆபீசுக்கே புதிர்.

"எங்க பயணம்? ஏன் இப்படி வெளிறிப் போய் ஈக்கிறீங்க?"

யசோதினி சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, கடைசி வரை தலை நிமிராமல் சொன்னாள். நுஹா சிரிக்கவில்லை.

"அந்த கைய கொஞ்சம் தாங்க," என்று பிடித்துப் பார்த்தாள். அதன் குளிர் பொறுக்காமல் உடனே விட்டாள். "போகாம விடுங்க யசோ."

"காத்துக்கிட்டு இருப்பாங்களே."

"மௌத்தானவங்க காத்துக்கிட்டு இருந்தா இருக்கட்டும்."

யசோதினி துணிப்பையைக் காலருகே இழுத்துக்கொண்டாள். நுஹா குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க மேல என்ன பிழை? ஒவ்வொரு நாளும் வாறேன்னு நீங்கதானே சொல்லிட்டு வாறீங்க. போகாம இருக்க ஏலாதுன்னா, இன்னைக்கு போய், சொல்லாம எழும்பி வாங்க. ஒரு வார்த்தை பேச வேணாம். திரும்பி பாக்கவும் வேணாம். இன்னைக்கு நீங்க அந்த ரூமுக்குள்ள போனா நாங்க உங்கள தேடி வாறதுல பிரயோசனம் இல்ல. வெளங்குதா? நானும் கூட வாறேன்."

"ஐயோ வேணாம், உங்களுக்கு ஏன் கஷ்டம்."

இந்த ஒரு வேணாம் மட்டும் அவள் வாயில் எப்போதும் தயாராக இருந்தது.

பின்னேரம் மலையெல்லாம் முகில் இறங்கி, ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கதவு இப்போது முழுவதுமாகத் திறந்திருந்தது. ஹோலுக்கு அப்பால் இதுவரை அவள் காணாத ஓர் அறையும் திறந்திருந்தது. கட்டிலில் புது விரிப்பு. அலுமாரிக் கதவுகள் இரண்டும் அகலத் திறந்து, உள்ளே ஒரு பாதி காலியாக்கப்பட்டிருந்தது.

"பையை உள்ள வைங்க பிள்ளை. உங்களுக்கு இடம் பண்ணி வச்சிருக்கேன்."

அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். எதிர்க் கதிரை கிறீச்சிட்டது. இன்று அது நெருக்கமாகப் போடப்பட்டிருந்தது. அவள் முழங்காலில் இன்னொரு முழங்காலின் குளிர் பட்டது.

எழும்பு என்று தனக்குத் தானே சொன்னாள்.

கால் கேட்கவில்லை.

அம்மாவை நினைத்தாள். பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்து யாரோ தன்னைக் காண்பதை நினைத்தாள். "ஒருத்தருக்கும் ஒரு தொல்லை குடுக்காத புள்ள" என்று சுவரோரம் பேசப்போகும் குரல்களை நினைத்தாள்.

எழும்பினாள்.

"தண்ணி ஏதும் வேணுமா பிள்ளை?"

பதில் சொல்லாமல் கதவை நோக்கி நடந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. காது இரண்டும் கொதித்தன.

"பிள்ளை? நான் ஏதும் பிழையா சொல்லிட்டேனா?"

இல்லை அக்கா என்று சொல்ல நாக்குத் துடித்தது. உதட்டைக் கடித்தாள். உப்புக் கரித்தது.

"கோவமா?"

வாசற்படி.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

அந்தக் குரலில் மிரட்டல் துளியும் இல்லை. முகம் வாடிப்போன ஒருத்தியின் குரல் அது. மிரட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. யசோதினி அழுதுகொண்டே படியிறங்கினாள். பாசியில் இரண்டு தரம் வழுக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதாவது படியும் முடிந்து ரோட்டில் கால் வைத்தபோது, அவள் பற்களுக்கிடையிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வந்திருக்கவில்லை.

பஸ்ஸில் ஏறிய பிறகு கைகளில் மெல்லச் சூடு வந்தது. நுஹாவுக்கு ஃபோனில் "சொல்லாம வந்துட்டேன்" என்று அனுப்பினாள். "மாஷா அல்லாஹ்" என்று உடனே பதில் வந்தது. யசோதினிக்குச் சிரிப்பு வந்தது. தன்னாலும் முடிகிறதே. பஸ் நிறையச் சனம் நின்றது. பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தும் ஏனோ யாரும் வந்து உட்காரவில்லை. தனியாக இருப்பது அவளுக்குப் பிடித்ததுதானே. அதைப்பற்றி அவள் யோசிக்கவில்லை.

வீட்டுக் கதவைத் தட்டும்போது ஏழு மணியிருக்கும். அம்மா கதவைத் திறந்தாள்.

"இன்னைக்கு நேரத்தோட வந்துட்டியே," என்று தொடங்கிய அம்மா, பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை யசோதினியின் தோளுக்கு மேலாகப் போய் ஓர் இடத்தில் நின்றது. முகம் மரியாதையாக மலர்ந்தது.

"யாரும்மா இது? ஆளை மழையில நிக்க வச்சிருக்கியே."

யசோதினியின் பின்கழுத்தில் குளிர் படிந்தது.

"நான் சொல்லாம வந்துட்டேன்," என்றது மெல்லிய குரல், அவள் காதுக்கு மிக அருகில். "பிள்ளையும் சொல்லாமத்தானே வந்தாங்க. தொந்தரவு இல்லன்னா கொஞ்ச நேரம்..."

"இதுல என்ன தொந்தரவு? உள்ள வாங்க அக்கா. வாங்க, வாங்க."

கதவை மறித்துக்கொண்டு நிற்பது யசோதினி ஒருத்திதான். அவள் அசையாவிட்டால் யாரும் உள்ளே வரமுடியாது. கூடாது என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது, வாயையும் திறந்துவிட்டாள். அம்மாவின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். பின்னால் நிற்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. ஒருத்தரை வாசலில் வைத்துக்கொண்டு அப்படி எப்படிச் சொல்வது?

அவள் ஒதுங்கி வழி விட்டாள்.