தாழிட்ட வீட்டில் மோர்

அயர்லாந்தின் கெர்ரி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்த யூனா, அண்ணன் வீட்டுக் கதவை மூன்று முறை தட்ட வேண்டியிருந்தது.

"என்ன அண்ணி, பட்டப்பகல்ல தாழ்ப்பாள்? துரைசாணி அம்மா தூங்குறாங்களோ?"

"வா யூனா. காத்து அடிக்குது, அதான்" என்றாள் கோப்னட்.

பாதி கடைந்த பாலாடை மரப்பீப்பாயில் கிடந்தது. கடையும் வீட்டுக்குள் நுழைந்தவர் ஒரு கை பிடிக்காமல் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். போனால் வெண்ணெய் திரளாது. யூனா ஈரச் சால்வையை உதறிவிட்டுக் கடைகோலைப் பிடித்தாள்.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன வருஷம் அது. வெண்ணெய் சந்தைக்குப் போய்விடும். மோர்தான் வீட்டுக்குச் சாப்பாடு.

"பக்கத்து வீட்டு நாப்லாவை வேலியோரம் பிணமா எடுத்தாங்களாமே. வாயெல்லாம் புல்லாம்..." யூனா கடைந்துகொண்டே சொன்னாள். "என்கூட ஒண்ணா வளர்ந்தவ. அன்னைக்கு இங்க மோர் கேட்டு வந்தாளா அண்ணி?"

"வரல. வந்திருந்தா குடுக்காமலா இருப்பேன்?"

சொல்லும்போதே கோப்னட்டின் காது சுட்டது. நாப்லா வந்தாள்தான். கடைகோலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, தாழிட்ட கதவுக்குப் பின்னால் நின்றவள் இவள்தான். "கடையிற சத்தம் கேட்டுச்சே, கோப்னட். சும்மா வேணாம்டி. ஒரு கை கடைஞ்சு குடுத்துட்டு வாங்கிக்கிறேன்" என்று வெளியே அந்தக் குரல் கெஞ்சியது. பிறகு காலடிகள் இழுபட்டுத் தேய்ந்தன.

"அண்ணி, நீங்களும் பிடிச்சிருக்கீங்களா?"

கோப்னட் அடுப்பருகே நின்றிருந்தாள்.

"கோல் தானா ஏறி இறங்குது அண்ணி."

அழுகிய கிழங்கின் வாடை எழுந்தது.

யூனா கையை எடுத்தாள்.

கோல் நிற்கவில்லை. தெம்பில்லாதவர் கடைவதுபோல, நின்று நின்று ஏறியது.

"யாரது?" யூனா கிசுகிசுத்தாள்.

கோப்னட்டுக்குத் தெரியும். சொல்லிவிட்டு நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது?

கோல் அடங்கியது. யூனா மூடியைத் தூக்கினாள். வெண்ணெய் அப்படியே திரண்டிருந்தது, ஒரு விரல்கூடப் படாமல்.

அடியில் ஒரு சொட்டு மோர் இல்லை.

கோப்னட் ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்தாள்.

"உள்ள வாடி நாப்லா! அன்னைக்குத் திறக்காம விட்டுட்டேன்டி, உள்ள வா!"

வெளியே மழை மட்டும்தான்.

"வரலன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள் யூனா, பின்னாலிருந்து.

கோப்னட் திரும்பவில்லை. சால்வையைக்கூட எடுக்காமல் யூனா அவளை உரசிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

கோப்னட் வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குள் இப்போது யாரும் இல்லை.

உள்ளே, மோரில்லாத பீப்பாயில், கோல் நின்று நின்று ஏறத் தொடங்கியது.