பச்சை வரிசை

“மாத்திரை போடாத கையை அளக்கணும் சார். ஒரே ஒரு நாள்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சுடர்க்கொடிக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டாள்.

ஆலை மேலாளர் நவநீதன் சிரித்தார். “மொதல்ல டீ சாப்பிடும்மா.”

“டீயோட வர்ற மாத்திரையைத்தான் சார் நிறுத்தச் சொல்றேன்.”

அந்தப் பனியன் ஆலையின் வாசலில் ஆளுயரக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதிலுள்ள வளையத்துக்குள் கையை விட்டால் நரம்புகள் மூளைக்கு அனுப்பும் வலியை அது எண்ணாக்கிவிடும். வலிமானி என்று பெயர். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் சம்பளத்தோடு ஓய்வு. இடுப்பு வலிக்குது என்று சொன்ன பெண்களை “நடிக்காத” என்று சூப்பர்வைசர்கள் விரட்டிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் வலியை நீங்கள் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள் என்று தெருவில் உட்கார்ந்து வலிமானிக்கான சட்டத்தை வாங்கினார்கள் பெண்கள். சுடர்க்கொடியின் அம்மா தர்ஷினி அதில் முன்வரிசை.

சட்டம் வந்தது. பின்னாலேயே ஆலை வாசலுக்கு மாத்திரை டப்பாவும் வந்தது. மாதம் முழுக்க ஒரு சிவப்புகூட இல்லாத தையல் வரிசைக்குப் ‘பச்சை வரிசை’ என்று வாசல் பலகையில் பெயர் போட்டார்கள். அவ்வளவுதான். வளையத்தில் கை விடுவதற்கு முன்னால் டீயோடு ஒரு வலிமாத்திரை என்பது வழக்கமாகிவிட்டது. மறந்து வருகிறவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் தன் முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒருத்தியால் வரிசை கெட்டுவிடக் கூடாதே.

குடும்பத்தில் முதல் பட்டம் சுடர்க்கொடியுடையது. மருத்துவக் கருவிப் பொறியியல். இந்த ஆலையின் வலிமானியைச் சோதித்து ஒப்புதல் கொடுப்பது அவள் வேலை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அவள் வகுப்பில் படம் வரைந்த வருடங்களில் அம்மா இரண்டு ஷிப்ட் பார்த்தாள். இரண்டு ஷிப்டுக்கும் மாத்திரை.

நவநீதன் தர்ஷினியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பெற்றவள் சொன்னால் அடங்கிவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். தர்ஷினி வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. செருப்பின் வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தாள்.

“ஏனுங் சார், கூப்புட்டீங்களாமா?”

“உங்க பொண்ணு மிஷினையே சந்தேகப்படுதும்மா.”

“படிச்ச திமிருங்க. நான் பேசிக்கிறேன்.” மகளைப் பார்த்தாள். “நாங்க கேட்டு வாங்குன மிஷின் கண்ணு அது. ஒம்பது வருசமா எனக்கு ஒரு செவப்பு இல்ல, தெரியுமா?”

“போன ஞாயித்துக்கெழம உனக்கு ரத்தம் எடுத்தோமே, முடிவு வந்துருச்சும்மா. மாத்திரை தின்னு தின்னு உன் கிட்னி கால்வாசிதான் வேலை செய்யுது.”

தர்ஷினி வலியில்லாத இடுப்பைத் தடவிப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணுமே வலிக்கலியே.”

“அது வலிக்காது. சத்தம் போடாமத்தான் கெட்டுப்போகும். அந்தக் கம்பத்துக்கு வலி மட்டுந்தான் தெரியும், அதையும் நீங்க மாத்திரையப் போட்டு மறைச்சாச்சு. உன் வரிசைல எத்தன பேருக்குக் கால் வீங்கியிருக்கு, சொல்லு.”

தர்ஷினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். யார் யார் முகமோ கண்ணில் வந்து போயிருக்கும்.

“மாத்திரையை நாங்களா வாயில போட்டோம்?” என்றார் நவநீதன்.

“இல்லீங்க சார். டப்பாவ வாசல்ல வெச்சீங்க, அதுக்கு மேல பலகைய மாட்டுனீங்க. மத்தத நாங்களே பண்ணிக்கிட்டோம்” என்றாள் சுடர்க்கொடி.

“பேசு, பேசு. உன்னோட ஒப்புதல்லதான் அந்தக் கருவி ஓடுது, மறந்துராத.”

“மறக்கல. வர்றப்பவே ரத்து பண்ணிட்டுத்தான் வந்தேன்.”

நவநீதன் நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டம் அவருக்கும் தெரியும். ஒப்புதல் இல்லாத வலிமானியின் முன் நிற்கிறவர் அனைவரும் வலியுள்ளவராகவே கொள்ளப்படுவர். புதிய ஒப்புதல் வேண்டுமென்றால் மருந்து நின்ற உடம்பில்தான் முதல் அளவு எடுக்க வேண்டும். முதலாளிகள் பொய்க் கருவி வைத்து ஏமாற்றுவார்கள் என்று பயந்து பெண்கள் பிடிவாதமாகச் சேர்க்கவைத்த விதி அது.

“அப்புறம் எதுக்கு வந்து கேட்ட?”

“கேக்காதேன்னாங்க. அதான்.”

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தர்ஷினி மகளின் கையைப் பிடித்தாள். “வேல போயிரும்டி.”

“போகட்டும்மா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். மாத்திரைய இன்னியோட விட்ரு.”

இரண்டாவது ஷிப்ட் வாசலில் கூடியிருந்தது. வளையத்தில் கை விட்ட ஒவ்வொருத்திக்கும் சிவப்பு எரிந்தது. எந்த வலியை நம்பச் சொல்லித் தெருவில் உட்கார்ந்தார்களோ, அந்த வலி இருக்கிறது என்று கருவி சொன்னதற்காக இப்போது கத்தினார்கள்.

“நான் செவப்பா? எனக்கென்ன கேடு? ரெண்டு மாத்திரை போட்டுட்டு வந்துருக்கேன்!”

“எவ பாத்த வேலடி இது?”

பின்னால் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு வந்த தர்ஷினி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். வளையத்துக்குள் கையை விட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் சிவப்பு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“எம்பொண்ணு பாத்த வேல. உக்காருங்கடி, சொல்றேன்.”

சுடர்க்கொடி அதற்குள் சாலையைக் கடந்துவிட்டாள். அடுத்த ஆலையின் வாசலிலும் ஒரு கம்பம் நின்றது. அதே கேள்வியோடு அவள் அதை நோக்கி நடந்தாள்.