மூன்றாவது சொடுக்கு

மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகும் அதன் திருகு சுழலும் சத்தம் நிற்கவில்லை.

மைக்ரான் சார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காதைத் தீட்டினார். நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் வாட்ச்மேனையும் அவரையும் தவிர ஆளில்லை. ஜன்னலே இல்லாத அளவு அறையில் வருடம் முழுக்க இருபது டிகிரி குளிர், எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை, சுவரில் கண்ணாடி போட்ட வாசகம்: ‘துல்லியமே எங்கள் மூச்சு.’ ஆணி கோணல் என்பதால் மூச்சு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

புதியவர்களுக்கு அவர் எடுக்கும் பாடம் பிரசித்தம்; மைக்ரான் சார் என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். மைக்ரோமீட்டரின் இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே பொருளை வைத்துத் திருகினால், முகம் தொட்டதும் மூன்று சொடுக்கு கேட்க வேண்டும். மூன்றாவதில் படிப்பதுதான் அளவு. பாடம் எடுத்தாரே தவிர, அவர் திருகி மூன்று வருடமாகிறது. ஆண்டுதோறும் அறுபத்திரண்டு கருவிகளையும் அளவு மாறாத மாஸ்டர் கட்டையோடு ஒப்பிட்டு காலிபரேஷன் செய்ய வேண்டியவர், போன வருடத்து எண்களையே பதிவேட்டில் இறக்கிப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்.

நாளை ஆடிட். பயத்தில் இன்று நிஜமாகவே மூன்று கருவிகளைச் சோதித்தார். மூன்றும் தவறு. சுவர் போனில் மேனேஜரைக் கூப்பிட்டார்.

“மூணு வருஷமா நல்லா இருந்தது ஒரே நாள்ல எப்படிய்யா கெட்டுப்போகும்? சரின்னு எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு வராதீங்க.”

வேலையும் போனால் போக வேறு இடமில்லை. மனைவி மகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் எட்டு மாதம். “உங்க பக்கத்துல நிக்கணும்னா நாங்களும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுத்தான் வரணும்” என்றதுதான் அவள் கடைசிப் பேச்சு. இன்றிரவு அவர் வீடு திரும்பாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

எழுதினார். முதல் கருவி, சரி.

திருகு சுழன்றது. பெட்டிக்குள் அல்ல, சுவருக்குள்.

ஏசியாக இருக்கும் என்று அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போனார்; ஒவ்வொரு ‘சரி’க்கும் அது கொஞ்சம் சுழன்றது. நாற்பதாவதில் நாற்காலி பின்னாலிருந்த அலமாரியில் இடித்தது. காலையில் அதற்கும் நாற்காலிக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடமிருந்தது. அறுபத்திரண்டாவதில் தலை நிமிர்ந்தார். வாசகம் மூக்குக்கு நேரே தொங்கியது.

கதவு உள்பக்கம் திறப்பது. மேசை குறுக்கே சிக்கியிருந்தது. சுவர் போனில் வாட்ச்மேன் அறையைக் கூப்பிட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

‘சரி’களை அடித்துவிட்டுத் ‘தவறு’ என்று எழுதப் போனார். பக்கத்தின் தலையில் அவர் போட்ட விதி: அடித்தல் திருத்தல் செல்லாது.

முதுகில் சுவர். நெஞ்சில் சுவர். மெருகேற்றிய இரும்பின் குளிர். நசுக்கவில்லை. முறையாகத் தொட்டது.

ஒரு சொடுக்கு.

மூச்சைப் பிடித்தார்.

இரண்டு.

கண் மட்டும் பதிவேட்டுக்குப் போனது. அவர் எழுதாத அறுபத்து மூன்றாவது வரிசை. அவர் கையெழுத்து. அளவு எழுதும் கட்டம் காலி. பக்கத்தில், மை காயாமல், ‘சரி’.