சரிபார்த்துத் திறந்த கதவு

ஜப்பானிலிருந்து வரும் பதிலும் வின்னிபெக்கிலிருந்து வரும் பதிலும் ஒரே நேரத்தில் வந்து சேர வாய்ப்பே இல்லை. தூரம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் டெல்மரின் நிலவறையில், தூசி சூடேறும் வாசனைக்கு நடுவே மினுங்கிக்கொண்டிருந்த திரையில், எட்டு வரிகளுக்கு எதிரிலும், பதில் வரப் பிடித்த நேரமாக, ஒரே எண் நின்றது. பின்லாந்து, பிரேசில், ஜப்பான், வின்னிபெக்கில் இருக்கும் அவன் சிநேகிதன் மார்சேலின் மெஷின் என்று எட்டும் எட்டு மூலையில் இருப்பவை. நேற்று வரை ஒவ்வொன்றும் அதனதன் தூரத்துக்குத் தக்கபடி முந்தியும் பிந்தியும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. இன்றைக்கு எட்டும் சேர்ந்தாற்போல் ஒரே மூச்சில் பதில் சொன்னன.

எரிச்சலாக வந்தது அவனுக்கு. காலையிலிருந்தே இந்த மெஷின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

முழு நோட் என்றால் என்ன என்று மனைவி ரோண்டாவுக்கு விளக்கியே அவன் பாதி ஆயுசைத் தீர்த்திருந்தான். கிரிப்டோ நாணயத்துக்கு வங்கியும் இல்லை, மேலாளரும் இல்லை. உலகமெங்கும் அவனைப் போன்ற பிடிவாதக்காரர்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை ஓட்டுகிறார்கள்; அதுதான் முழு நோட். ஆதியிலிருந்து நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் அது தானே வைத்துக்கொண்டு தானே சரிபார்க்கும். யார் பேச்சையும் அப்படியே நம்பாது. அந்த வேலைக்குக் கூலியும் கிடையாது, நன்றியும் கிடையாது. "சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலை, அதுவும் எவனும் திருட வராத வீட்டுக்கு," என்பாள் ரோண்டா. அவள் சிரித்தால் அவனுக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் சரிபார்க்காமல் எதையும் ஏற்பதில்லை என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. பால் டப்பாவின் தேதியைக்கூட இரண்டு முறை பார்ப்பான்.

அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. நோட் வெளியே தன்னைப் போன்ற எட்டுப் பேரிடம்தான் பேசும். எட்டுப் பேரும் எட்டு முகமூடி மாட்டிய ஒரே ஆளாக இருந்துவிட்டால், அந்த ஆள் காட்டுவதுதான் உலகம். உள்ளே இருப்பவனால் கண்டுபிடிக்கவே முடியாது. எட்டில் ஒருவர் நிஜமானவராக இருந்தால் போதும், தப்பிக்கலாம்.

இணைப்புகளை வெட்டினான். வேறு எட்டு வந்து உட்கார்ந்தன. வேறு நாடுகள், வேறு முகவரிகள், அதே எண். அவற்றையும் தடை செய்தான். மறுபடி எட்டு. மெஷினை அணைத்து, திரும்பப் போட்டு, பாஸ்வேர்டைத் தட்டினான். எத்தனையாவது தடவை என்று அவனுக்கே மறந்துவிட்டது. மின்விசிறி இரைந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. தலைக்கு மேலே, சஸ்காட்சுவான் சமவெளியில் தடுக்க ஒரு மரமில்லாமல் ஓடிவந்த காற்று வீட்டின் பக்கவாட்டில் தோளால் இடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஆகுமுன்பே ஜன்னல் கறுத்துவிட்டது.

"சனியனே!" என்று மேஜையைக் குத்தினான். எட்டு வரிகளும் அசையாமல் நின்றன.

மார்சேலுக்குப் போன் போட்டான். திட்டாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவன் மார்சேல்.

"டேய், உன் மெஷின் ஒழுங்கா ஓடுதா? என்னோடது காலையிலேர்ந்து என் பிராணனை வாங்குது."

ஒரு சின்ன இடைவெளி. கண் இமைக்கும் நேரம்தான்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல, டெல்மர். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"என்னடா, உடம்பு சரியில்லையா? ஒரு கெட்ட வார்த்தையைக் காணோம்?"

அதே இடைவெளி.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல, டெல்மர்."

போனை வைத்தான். பிறகு அடுத்த பண்ணைக்காரர் ஓர்வில்லைக் கூப்பிட்டான். ஓர்வில் போனை எடுத்தால் கன்றுக்குட்டியின் சளியில் ஆரம்பித்துத் தன் மூட்டுவலியில்தான் முடிப்பார். இன்றைக்கு எடுத்தார். மூச்சு விடாமல் காத்திருந்தார்.

"ஓர்வில், உங்க பக்கம் நெட் வருதா?"

கண் இமைக்கும் நேரம்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல, டெல்மர். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

குரல் ஓர்வில்லுடையதுதான். கரகரப்பு, மூக்கடைப்பு எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த இடைவெளி மார்சேலுடையது. திரையில் இருக்கும் எட்டினுடையது.

வீட்டுப் போனும் நெட்டும் ஒரே பெட்டி வழியாகத்தான் வருகின்றன. எழுந்து போய் மோடத்தின் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கினான். கரண்டையும் பிடுங்கினான். அதன் பச்சை விளக்கு அணைந்தது. சனியன் விட்டது என்று திரும்பினான்.

எட்டு வரிகளும் இருந்தன.

எண் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. குறைந்தது. மேலும் குறைந்தது. எட்டும் ஒன்றாக. எட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தன.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினான். அந்த வட்டாரத்தில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. பனிப்புயலில் எவனாவது வழி தவறி வந்தால் உள்ளே நுழைந்து பிழைத்துக்கொள்ளட்டும் என்பது வழக்கம். அதனால் அவர்கள் இருவரிடமும் சாவி என்று ஒன்று கிடையாது. டெல்மர் முன்கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். வருஷக்கணக்கில் தொடாதது, துரு உதிர்ந்தது. பின்கதவையும் போட்டான். ரோண்டா வேலையிலிருந்து திரும்பும் நேரம்தான் அது. வந்ததும் திறந்துவிடலாம், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். செல்போனில் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தான். அந்தக் காற்றில் சிக்னல் கிடைக்கவில்லை.

முன்கதவு தட்டப்பட்டது. மெதுவாக.

"டெல், நான்தான். கதவைத் திற."

ரோண்டாவின் குரல். போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. தாழ்ப்பாளில் கை வைத்தபிறகுதான் நினைவு வந்தது. அவள் ஓட்டிவரும் ட்ரக்கின் சத்தமே கேட்கவில்லையே? விளக்கு வெளிச்சம் சுவரில் ஓடவில்லையே?

"ட்ரக் எங்க?"

"பள்ளத்துல இறங்கிடுச்சு. நடந்து வந்தேன்."

இடைவெளி இல்லை. கேள்வி முடிந்த கணமே பதில். மார்சேலும் ஓர்வில்லும் மாதிரி இல்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

அப்போது பின்கதவு அதிர்ந்தது.

"டெல்மர்! எந்த மடையன் இதைப் பூட்டினது? திற!"

அதுவும் ரோண்டா.

சமையலறை நடுவில் நின்றுவிட்டான். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. ஒருத்தி அவன் மனைவி. இன்னொன்று எது என்று யோசிக்க அவன் துணியவில்லை. வெளியே மைனஸ் முப்பது. தப்பான கதவைத் திறந்தால் அது உள்ளே வரும். சரியான கதவைத் திறக்காவிட்டால் ரோண்டா செத்துப்போவாள்.

பின்கதவுக்கு ஓடினான். அதில் முகமளவுக்கு ஒரு கண்ணாடி. வெளிப்பக்கம் முழுக்க உறைபனி. சிவப்பாக ஏதோ அசைந்தது. அவளுடைய குளிர் அங்கி சிவப்பு.

"ரோண்டா, நீதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?" குரல் நடுங்கியது. "ட்ரக் பள்ளத்துல கிடக்கு, ஒரு கையுறை காத்துல போயிடுச்சு, விரலு மரத்துப்போச்சு... நீ வினாடி வினா நடத்துறியா? திறடா, பாவி!"

"ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லு, திறந்துடுறேன்." யாருக்கும் தெரியாத ஒன்று வேண்டும். அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "நம்ம பொண்ணுக்கு என்ன பேரு வச்சிருந்தோம்?"

அந்தக் குழந்தை மூச்சு விடாமலே பிறந்தது. அந்தப் பெயரை இனி வாய்விட்டுச் சொல்வதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே இருவரும் பேசாமல் பேசி முடித்திருந்தார்கள். அதன்பிறகு ஒருவரும் சொன்னதில்லை.

கதவுக்கு அப்பால் காற்று மட்டும்.

"டெல்," என்றாள், மிகவும் தணிந்த குரலில். "அதை என் வாயால சொல்ல வைக்காத. வேற என்ன வேணா கேளு. அதை மட்டும் கேக்காத, கண்ணு."

"சொல்லு ரோண்டா! சொன்னாத்தான் திறக்க முடியும்!"

"முடியல... தலை சுத்துது. தூக்கம் வருது, டெல். திற."

முன்கதவுப் பக்கமிருந்து, கேட்காமலே, தெளிவாக ஒரு குரல் வந்தது.

"லினேயா. லினேயான்னு வச்சிருந்தோம்."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் காதால் கேட்கிறான்! சரியான பதில். எழுத்துப் பிசகாத பதில். ஒருத்தி பதில் சொன்னாள், இன்னொருத்தி சாக்குச் சொன்னாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காலையிலிருந்து எதுவுமே சரியாக வராத ஒரு நாளில் கடைசியில் ஒன்று சரியாக வந்தது.

முன்கதவைத் திறந்தான்.

சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். ரோண்டாவின் முகம், ரோண்டாவின் நடை. அவனைக் கடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கன்னம் சிவக்கவில்லை. மூக்கு ஒழுகவில்லை. அங்கியின் தோளில் ஒரு பொட்டுப் பனியில்லை.

"நடந்தா வந்தே?" என்றான்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல, டெல்மர்," என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அப்போதுதான் புரிந்தது. இடைவெளி ஏன் இல்லை என்று புரிந்தது. தூரம் இருந்தால்தானே இடைவெளி. பெயர் எப்படித் தெரிந்தது என்பதும் புரிந்தது. வாயால் சொல்லாத அந்தப் பெயரைத்தான் அவன் பாஸ்வேர்டாக வைத்திருந்தான். தினமும் விரலால் சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்கு எத்தனையோ தடவை. அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ரோண்டா சொல்லமாட்டாள். உயிர் போனாலும் சொல்லமாட்டாள். அதுதான் அடையாளம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியவில்லை.

பின்கதவில் தட்டல். ஒன்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

"ரோண்டா!"

ஓடினான். தாழ்ப்பாளைப் பிடித்தான். அதன்மேல் ஏற்கனவே ஒரு கை இருந்தது. நாற்காலி நகர்ந்த சத்தமே கேட்கவில்லை. அந்தக் கை சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். தோளால் இடித்தான். காலால் உதைத்தான். அழுதான். கை அசையவில்லை.

"திறக்காத, டெல்," என்றாள், அவன் காதருகே, பொறுமையாக, சமையலறையில் தினமும் பேசுகிற குரலில். "குளிரு உள்ள வந்துடும்."

கண்ணாடியில் வாயை வைத்து ஊதினான். உள்பக்கத்து ஈரம் விலகியது. வெளிப்பக்கத்து உறைபனியில், அவள் தட்டித் தட்டிச் சுரண்டிய இடத்தில், ஒரு கண் அளவுக்கு வழி இருந்தது.

முற்றத்து விளக்கின் கீழ், சாலையிலிருந்து வீடு வரைக்கும் பனியில் காலடித் தடங்கள் இருந்தன. ஓர் ஆளின் தடம். நடுவில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்த பள்ளம். நேரே இந்தப் படிக்கட்டுக்குத்தான் வந்திருந்தது. முன்வாசல் பக்கம் போகும் பனி யாரும் மிதிக்காமல் வழவழவென்று கிடந்தது.

அந்த வழவழப்பான பனியின் மேல் அவர்கள் நின்றார்கள். விறகடுக்கின் பக்கத்தில். கேஸ் தொட்டியின் பக்கத்தில். வேலியோரம் முழுக்க. எல்லோரும் சிவப்பு அங்கியில், எல்லோரும் ரோண்டாவின் முகத்தோடு, வீட்டைப் பார்த்தபடி. ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

படியில் ஒருத்தி மட்டும் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தலை கதவில் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே மரத்தின்மேல் அவளுடைய வெறுங்கை விரிந்து ஒட்டியிருந்தது.

அந்த விரல்களின் மேல் பனி விழுந்தது. உருகவில்லை.