கொண்டை ஊசி

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் நூர் முகமது ரிசீவரை எடுத்தார். காயின் பூத்திலிருந்து ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது.

"அய்யா... பூக்காட்டுப் பெருமாள்சாமி செத்துப் போயிட்டாரு. சாகையில ஒரு வார்த்தை சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"கொண்டை ஊசின்னாரு. அம்புட்டுத்தேன்... நாக்கு உள்ள இழுத்துக்கிருச்சு."

லைன் அறுந்தது.

ஜீப் தாடிக்கொம்பு ரோட்டில் பறந்தது.

கயிற்றுக் கட்டிலில் பெருமாள்சாமி. அறுபது வயது முரட்டு உடம்பு. உதடுகள் வீங்கி... இமைகள் வீங்கி... சாகிற நேரத்தில் தன் கழுத்தைத் தானே பிறாண்டியிருந்தார்.

பார்த்த ஏட்டு ஆரோக்கியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

சுவரோரம் பெருமாள்சாமியின் மனைவி அய்யம்மாள். அழவில்லை. பேசவுமில்லை. கூடியிருந்த ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நூர் முகமதுவின் பார்வை அவள் தலையில் போய் நின்றது.

கொண்டை.

அதில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கொண்டை ஊசி!

அவர் பிணத்தின் வேட்டியை முழங்காலுக்கு மேலே விலக்கினார். வலது முட்டியின் ஓரத்தில் ஒரு சிவந்த புள்ளி. எதுவோ குத்திய புள்ளி...

போன் செய்தவள் பக்கத்து வீட்டுச் சிவனம்மாள். அவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். கேட்டது ஒன்று, அவள் கொட்டியது ஒன்பது. பெருமாள்சாமி நன்றாக நடந்த காலத்தில் அய்யம்மாளை உதைக்காத நாள் கிடையாதாம். ஒரு உதையில் இடுப்பெலும்பு விலகி, ஆறு மாதம் சுவரைப் பிடித்து நடந்தாளாம். அப்புறம் அவருக்கு முட்டி தேய்ந்தது. கட்டிலை விட்டு எழ முடியவில்லை. அய்யம்மாள் முகத்தில் அப்போதுதான் சதை பிடித்ததாம்.

"நேத்து சாயங்காலம் தெருவுக்கே கேக்கச் சத்தம் போட்டாருய்யா. முட்டி மட்டும் சரியாகட்டும்டி, மொத ஒதை ஒனக்குத்தேன்னு."

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?"

"இல்லய்யா. அவருதேன் ஆட்டோக்காரன் தோளப் புடிச்சு ஏறி டவுனுக்குப் போயிட்டு வந்தாரு. எதுக்குன்னு எங்கிட்டச் சொல்லல."

காரணம் கிடைத்துவிட்டது. ஆயுதம் அவள் தலையிலேயே இருக்கிறது. இதற்கு மேலே யோசிக்கிற வழக்கம் போலீசுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

விஷம் தடவிய ஊசி!

அய்யம்மாளை ஜீப்பில் ஏற்றினார்கள். நிரூபணமானால் மிச்ச ஆயுசு முழுக்க ஜெயில்.

மறுநாள்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் போனில் வந்தார். கொண்டை ஊசியில் விஷமில்லை, உடம்பிலும் விஷமில்லை என்றார். தொண்டை உள்ளுக்குள் வீங்கி மூச்சை அடைத்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாத பொருள் ஏதோ உடம்புக்குள் போயிருக்கிறது.

சிவனம்மாளை மறுபடி பிடித்தார் நூர் முகமது.

"அவருக்கு எது ஒத்துக்காது?"

"கோழிதேன். கோழிக் கொழம்புல பட்ட கரண்டியச் சோத்துல வெச்சாலும் மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிரும். ஒரு கல்யாண வீட்ல செத்துப் பொழச்ச மனுசன்."

"நேத்து என்ன சாப்ட்டாரு?"

"கத்திரிக்கா வெஞ்சனம். நாந்தேன் கிண்ணத்துல குடுத்தேன். வேணும்னா சட்டியப் பாருங்க."

அப்படியானால் கோழி எந்த வழியாக உள்ளே போனது?

அதற்குள் ஏட்டு அந்த ஆட்டோக்காரனைத் தேடிப் பிடித்துவிட்டார். பெருமாள்சாமி இறங்கிய இடம், திண்டுக்கல் டவுனில் எலும்பு டாக்டர் ஆண்டனிராஜின் ஆஸ்பத்திரி!

நூர் முகமது டாக்டரின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"பெருமாள்சாமின்னு ஒருத்தர். சாகும்போது கொண்டை ஊசின்னு சொல்லிட்டுச் செத்தாரு."

டாக்டரின் முகம் வெளுத்தது.

"சார்... அத நான்தான் போட்டேன்."

நாற்காலி கிரீச்சிட்டது.

டாக்டர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். தேய்ந்த முட்டிக்குள் எண்ணெய்ப் பசை வற்றிவிடும். எலும்போடு எலும்பு உரசும். அதற்குக் கூழ் மாதிரி ஒரு மருந்தை முட்டிக்குள் ஏற்றுவார்கள். வண்டி அச்சுக்குக் கிரீஸ் வைப்பது போல. அதில் ஒரு வகையைச் சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள். பெருமாள்சாமிக்குப் போட்டது அந்த வகை. போட்டு முடித்தபிறகு, கொண்டை ஊசி போட்டாச்சு, இனிமேல் சேவல் மாதிரி நடக்கலாம் என்று தமாஷ் பண்ணியிருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே ஆட்டோ ஏறியிருக்கிறார்.

"செத்த நேரம் உக்கார வெச்சுப் பாத்திருக்க வேணாமா?"

"வெச்சிருக்கணும்... கூட்டம் சார்."

கூட்டமாம்! ஆள் சாவதற்குக்கூட டோக்கன் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

"கோழி ஒத்துக்காதவங்களுக்கு இதப் போடலாமா?"

"கூடாது சார். அதனாலதான் போன வாரமே கேட்டேன். அவர் எக்ஸ்ரேக்குப் போயிருந்தாரு. கூட வந்த அவர் மனைவிகிட்ட, இது சேவல் கொண்டை மருந்து, கோழி ஆகாதவங்களுக்குப் போட்டா உயிருக்கே ஆபத்துன்னு விளக்கமாச் சொல்லி, அய்யாவுக்குக் கோழி எப்படின்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"கோழின்னா அவரு உசுர விட்ருவாருன்னாங்க. அவ்வளவு ஆசையான்னு நான் சிரிச்சிட்டேன்."

நூர் முகமது சிரிக்கவில்லை.

ஜீப் ஸ்டேஷனுக்குத் திரும்பியது. ஊசியில் விஷமில்லை என்றதும் ஏட்டு அய்யம்மாளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். படியில் மறித்தார் இன்ஸ்பெக்டர்.

"ஏம்மா... டாக்டர் கேட்டதுக்கு எதுக்கு அப்படிச் சொன்ன?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உள்ளதத்தானய்யா சொன்னேன். கோழின்னா உசுர விட்ருவாருன்னேன்... விட்டாரா, இல்லையா?"

படி இறங்கி நடந்தாள். அவசரமே இல்லாத நடை. பின்னாலிருந்து உதைக்க இனி ஆளில்லை என்று தெரிந்த நடை.

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"அய்யா... என்ன கேஸ் எழுத?"

"பொய் சொல்லியிருந்தா ஏதாச்சும் எழுதலாம்யா."

நூர் முகமது உள்ளே போய் ரிசீவரை எடுத்தார். வீட்டு நம்பர். மனைவி காதர் பீவி எடுத்து, மத்தியானத்துக்கு ஆட்டுக்கால் பாயா வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"பாயா இருக்கட்டும். பாயான்னா எங்க வீட்டுக்காரரு உசுர விட்ருவாருன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே? இனிமே எவன் கேட்டாலும் 'ஏதோ திம்பாரு'ன்னு மட்டும் சொல்லு தாயி!"