கை தூக்கியவர்கள்

வெட்டிய கைகளைத் தகரக் கிண்ணத்தில் அவள் குப்பையாகத்தான் கொட்டியிருந்தாள். முகம் கழுவிவிட்டு அறைக்குத் திரும்பியபோது அவை எழுந்து நின்றுகொண்டிருந்தன. பாதித் தீக்குச்சி நீளமுள்ள ஈயக் கைகள், பழைய பொம்மைச் சிப்பாய்களின் கைகள், விரல் விரித்து, உள்ளங்கை காட்டி, கிண்ணம் நிறைய நின்றன. வெளியே விடாமல் மழை. மேசையில் பட்ட அதிர்வில் இப்படி ஆகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு கிண்ணத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள். கலகலவென்று விழுந்தன.

"அக்கா, வர்றியா இல்லையா? என் படை நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு!" கூடத்திலிருந்து தம்பி கத்தினான்.

"வரேன்டா. சாகறதுக்கு அவ்ளோ அவசரமா?"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் உடைந்த பிரேம்களை ஒட்டவைப்பவள். அவன் லாரி ஓட்டுகிறவன். அப்பாவும் அம்மாவும் போனபின் அவளுக்கென்று மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். சின்ன வயதில் இருவரும் இட்டுக்கட்டிய இரண்டு நாடுகள் மட்டும் இன்னும் சண்டையை நிறுத்தவில்லை. ஞாயிறு வந்தால் கூடத்துத் தரையில் நீலப் போர்வை ஆறாகும், தலையணைகள் மலையாகும். அவன் லாரியைப் போலவே படையையும் ஓட்டுவான்; குறுக்கே வந்தால் மோது. அவள் நாடு தோற்றுத் தோற்றுத் தலையணை ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"அது சரி, உன் முன்வரிசையில புதுசா நிக்கிறானுங்களே, இந்தக் கத்திக்காரப் பசங்க யாரு? எல்லாம் அழுமூஞ்சியா இருக்கு."

"பழைய சாமான் கடையில ஒரு பெட்டி வாங்கினேனே, அதுல இருந்தவங்கதான்."

"அவனுங்க எல்லாம் கை தூக்கிட்டு இல்ல நின்னானுங்க?"

"தூக்கின கைய எடுத்துட்டேன்."

"அடிப்பாவி! சரணடைஞ்சவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே?"

"ராணி நானு. போட்டவளுக்கு மாத்தத் தெரியாதா?"

"ராணியாம் ராணி. ஒழுங்கா ஒரு டீ போடத் தெரியல."

அவள் சிரித்தபடி மிச்சமிருந்த கடைசிச் சிப்பாயை எடுத்தாள். தோளில் மெல்லிய ரம்பத்தை ஓட்டி, வெட்டிய இடத்தில் துளையிட்டு, கம்பித்துண்டு செருகி, கத்தி முனை வைத்த துப்பாக்கிக் கையைப் பற்றவைத்து, பிசிறை அரத்தால் சாய்வாக ஒரே இழுப்பில் சீவிவிடுவது அவள் வழக்கம். முகத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. தோள்வரை கொலைகாரர்கள், அதற்கு மேலே இன்னும் வாய் பிளந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

ரம்பத்துக்காக மேசையைத் துழாவினாள். இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய பற்கள் மெத்தென்ற எதிலோ முன்னும் பின்னும் போய்வரும் சர்க், சர்க். நாளெல்லாம் தன் விரல்களுக்கடியில் கேட்கிற சத்தம். அது கூடத்திலிருந்து வந்தது.

"டேய், என் ரம்பத்த எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? அக்கா, கால்ல என்னமோ கடிக்குது. எறும்பு மருந்து எங்க?" பிறகு, சிரிப்பு பாதி வழியில் நின்ற குரலில், "யக்கா... இவனுங்க இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே நின்னானுங்க?"

அவள் எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. சாத்தியிருந்த கூடத்துக் கதவு அரை விரல்தான் திறந்தது. கீழே நெடுக ஏதோ முட்டுக்கொடுத்திருந்தது, சின்னச் சின்னதாய், கனமாய், ஈயமாய்.

"அக்கா! கத்தி! எல்லார்கிட்டயும் கத்தி!"

"வரேன்! கதவு திறக்கலடா! மேல ஏறி நில்லு!"

தோளால் மோதினாள். மரம் முனகியது. கூடத்தில் அவன் விழுந்தான். பெரிய உடம்பு, தரை அதிர்ந்தது. பாத்திரம் உருண்டது. முழங்கால்கள் தரையில் தேய்ந்தன.

"சரி, சரி, நான் தோத்துட்டேன். இதோ பாரு, கை தூக்கிட்டேன். ரெண்டு கையும் தூக்கிட்டேன். அக்கா, நீ சொல்லுக்கா அவங்ககிட்ட!"

"விட்டுடுங்க!" என்று கதவில் அறைந்தாள். "அவன் கை தூக்கிட்டான்! விட்டுடுங்க!"

ஒரு நொடி மழை மட்டும்.

சர்க்.

அவன் அலறினான். ரம்பம் மெத்தென்றதைத் தாண்டியது. கெட்டியான ஒன்றில் பட்டுக் கிறீச்சிட்டது. நிதானமாகத் தொடர்ந்தது. அவள் மோதினாள். மீண்டும் மோதினாள். அலறல் நின்றது. ரம்பம் நிற்கவில்லை. பொத்தென்று ஏதோ விழுந்தது. இன்னொரு தோள். இன்னொரு பொத்.

பிறகு துளையிடும் சத்தம்.

கதவிடுக்கில் புகை வந்தது. உருகிய ஈயத்தின் வாடை. கருகிய கறியின் வாடை. கடைசியாக அரம். ஒரே இழுப்பு.

கதவு தானாகத் திறந்துகொண்டது.

நீலப் போர்வை கறுத்து ஊறியிருந்தது. அதன்மேல் கடிகாரம் கட்டிய கை ஒன்று கிடந்தது. தம்பி அவளுக்கு முதுகு காட்டி மண்டியிட்டிருந்தான். தோள்களில் புதுப் பற்றவைப்பு பளபளத்தது. பிசிறில்லை. சுத்தமான வேலை. அதிலிருந்து நீண்டன இரண்டு சாம்பல்நிறக் கைகள். கத்தியில் முடிந்தன.

"தம்பி," என்றாள்.

எழுந்தான். திரும்பினான். வாய் பிளந்தபடியே இருந்தது, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலடியில் ஈயச் சிப்பாய்கள் இரு பக்கமும் விலகி வழிவிட்டார்கள்.

ஒரு அடி வைத்தான்.

அவள் கைகள் தாமாக மேலே போயின. விரல் விரிந்தது. உள்ளங்கை தெரிந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்களைப் பார்த்தான்.