வெண்பிறையின் ஐந்தாவது வீடு

“அட்டையிலை இருக்கிறது பொய். கையெழுத்து வைக்காதேங்கோ.”

ஆன்சரிங் மெசினில் அந்தப் பெண்குரல் சொன்னது அவ்வளவுதான். ஹனீபா டேப்பை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

“நாளைக்கு நான் சைன் வைக்கோணும், மிஸ். அச்சகத்துக்காரன் நெருக்குறான்.”

துப்பறிபவர் றோசலின் தேநீரை அவர் பக்கம் தள்ளினார். ஸ்காபரோவில், ஒரு பற்றிஸ் பலகாரக் கடைக்கு மேலே இருந்தது அவருடைய அலுவலகம். உதவியாளன் அன்புராசா அதற்குள் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டான்.

ஹனீபா நடத்துவது ‘வெண்பிறை’ வீட்டு நிதியம். வட்டி மார்க்கத்தில் ஆகாது என்பவர்கள் ஒன்றாகப் பணம் போட்டு, குடும்பம் குடும்பமாக வீடு எடுத்துக் கொடுக்கும் நிதியம். தொண்ணூற்றாறாம் ஆண்டு அறிக்கையின் மாதிரிப் பிரதி மேசையில் கிடந்தது.

“பள்ளிவாசல்ல என்ட முகத்தைப் பார்த்துத்தான் சனம் காசு போட்டது. இதுல ஒரு பொய் இருந்தா, நான் அங்க எப்படிப் போய் நிக்கிற?”

“கணக்கு எப்பிடி?”

“எங்கட கணக்காளர் அகஸ்ரின் மூணு தரம் பார்த்திட்டார். பிழை ஒண்டும் இல்லையாம்.”

“போன் எடுத்தவ கணக்கைப் பற்றிச் சொல்லேல்லையே. அட்டையெண்டுதானே சொன்னவ?”

அட்டையில் ஒரு செங்கல் வீடு. முதுகைக் காட்டியபடி வாசலை நோக்கி நடக்கும் குடும்பம். பெண்ணின் தலையில் முக்காடு. கராஜின் முன்னால் புத்தம்புது வெள்ளை வான். கீழே, ‘மிசிசாகாவில் குடியேறிய எங்கள் ஐந்தாவது குடும்பம்.’

“இது மஃறூப் குடும்பம். விளம்பரம் செய்யிற கிருபன் போய் எடுத்த படம்,” என்றார் ஹனீபா. “மஃறூப் ஆக்கள் இப்ப ஹஜ்ஜுல. கேக்க ஏலாது. முடிஞ்ச வீட்டை நானும் இன்னும் போய்ப் பார்க்கல்ல.”

“அன்புராசா, வானடியிலை உந்த மஞ்சள் என்ன?”

“டென்னிஸ் பந்து, அக்கா. முன் சில்லடியிலை ஒண்டு, பின் சில்லடியிலை ஒண்டு. பிள்ளையள் கண்ட இடத்திலை எறிவினம்தானே.”

றோசலின் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அன்று மாலை வெண்பிறை அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். அகஸ்ரின் கைகளைக் கட்டிக்கொண்டு விறைப்பாக இருந்தார். “என்னைத்தான் சந்தேகப்படுறியள் போலை.”

“இல்லை, அண்ணை. உங்கடை பக்கங்கள் சுத்தம். எல்லாரும் உள்ளுக்குத் தேடினியள், வெளியிலை ஒருத்தரும் பாக்கேல்லை.” றோசலின் படத்தைத் தட்டினார். “இது பந்தில்லை, தேசிக்காய். புது வானுக்குப் பூசை செய்து, சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிக்கிறது ஆர்? ஹஜ்ஜுக்குப் போன மனிசனோ?”

அன்புராசா தலையில் கை வைத்தான்.

“நீர் போன மாசம் உம்மடை பழைய காருக்கே நாலு வைச்சனீர்,” என்றார் றோசலின். “அப்ப இது ஒரு சைவக் குடும்பத்தின்ரை வீடு. இன்னும் அச்சேறாத அட்டையிலை தன்ரை வீட்டை ஆர் கண்டுபிடிப்பா? படம் எடுத்தவரின்ரை மேசையடிக்குப் போய்வாற வீட்டுக்காரிதான். ஆர் தம்பி அது?”

கிருபனின் காது சிவந்தது. “என்னோடை வேலை செய்யிற சாம்பவி அக்கா. அஜக்ஸ் நகரிலை இருக்கிறா. முக்காட்டுத்துணி விளம்பரம் எண்டு சொல்லி நடக்க வைச்சனான்.”

“மஃறூப்பின்ரை வீடு?”

“இன்னும் வெட்டின அத்திவாரக் கிடங்குதான். மழையாலை வேலை நிண்டு போச்சு. வாற மாசம் எழும்பிடும்தானே, அங்கிள். விளம்பரத்திலை எல்லாரும் செய்யிறதுதான்.”

ஹனீபா குரலை உயர்த்தவில்லை. “நாம பல்பசை விக்கல்ல, தம்பி. பெரிய பேங்குக்குக் கட்டிடம் இருக்கு. நமக்கு இருக்கிறது குடுத்த வாக்கு மட்டும்தான். உன்ட கமராவை எடு.”

அடுத்த நாள் மிசிசாகாவில் புதிய அட்டைப்படம் எடுக்கப்பட்டது. அரைவாசி தண்ணீர் நின்ற அத்திவாரக் கிடங்கு. அதற்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஹனீபா. கீழே, ‘எங்கள் ஐந்தாவது வீடு. இன்னும் முடியவில்லை.’

“அக்காவிட்டை மன்னிப்புக் கேட்டாச்சோ?” என்றார் றோசலின்.

“கேட்டனான். வானைக் கழுவச் சொல்லிப்போட்டா,” என்றான் கிருபன்.

அன்புராசா புதுப் படத்தின்மேல் பூதக்கண்ணாடியை மூலை மூலையாக நகர்த்தினான். “இதிலை ஒண்டும் இல்லையே, அக்கா. வெறும் சேறுதான்.”

“அப்ப நல்லது,” என்று ஹனீபாவிடம் பேனாவை நீட்டினார் றோசலின். “இப்ப வையுங்கோ கையெழுத்தை.”